நீரிழிவும் உடலுக்குள் இருக்கும் உலோகமும்: பிரண்டை எந்தளவுக்கு உதவும்?

கொடிகாமம் சந்தையைத் தாண்டி உள்ளொழுங்கைகளில் இறங்கினால் வேலியோரங்களில் பிரண்டை படர்ந்திருப்பதைக் காணலாம். எலும்பு முறிந்தால் பிரண்டை என்பது தென்மராட்சியில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விடயம். ஆனால் யுத்தத்தில் காயப்பட்டு, காலிலோ இடுப்பிலோ தகடும் ஆணியும் வைக்கப்பட்டவர்கள் பலர் இன்று ஐம்பது, அறுபது வயதைத் தொட்டுவிட்டார்கள். சிலருக்கு இப்போது சீனி வருத்தமும் சேர்ந்துவிட்டது. பழைய தகட்டை மாற்றவோ, தேய்ந்த மூட்டுக்குச் செயற்கை மூட்டு வைக்கவோ நாள் குறித்ததும் வீட்டில் ஒரு கேள்வி எழுகிறது. பிரண்டையும் மஞ்சளும் எடுத்தால் எலும்பு கெதியாகப் பொருந்துமா?

உலோகத்தோடு எலும்பு நேரடியாக ஒட்டி வளரும் என்பதை 1950களில் சுவீடன் மருத்துவர் பிரோனமார்க் முயலின் கால் எலும்பில் கண்டார். அவர் பயன்படுத்தியது டைட்டேனியம். 1965இல் முதலாவது நோயாளிக்கு அந்த முறையில் பல் பொருத்தினார். சீமெந்து இல்லாமல் பொருத்தப்படும் செயற்கை இடுப்பு மூட்டும் இதே ஒட்டுதலைத்தான் நம்பியிருக்கிறது. முறிவுக்கு வைக்கும் தகடு சற்று வேறு. அங்கே முறிந்த எலும்பு பொருந்தும்வரை உலோகம் தாங்கிப் பிடிக்கிறது.

குருதியில் சீனி நீண்டகாலம் கூடியிருந்தால் இந்த இரண்டு வேலையும் தடுமாறும். சீனி எலும்பிலுள்ள கொலாஜன் புரதத்தில் ஒட்டிக்கொண்டு அதை விறைப்பாக்குகிறது. எலும்பைக் கட்டும் கலங்கள் சோர்கின்றன, அழற்சி அடங்க நாளெடுக்கிறது, சிறிய குருதிக்குழாய்களும் பழுதடைகின்றன. கிருமி தொற்றினால் அது உலோகத்தின் மேல் படலமாகப் படிந்துவிடும். பிறகு மருந்தால் மட்டும் அதை அகற்றுவது கடினம்.

இந்த இடத்தில்தான் ஆய்வாளர்கள் தாவரங்களைத் தேடுகிறார்கள். மஞ்சளின் குர்குமின், திராட்சைத் தோலின் ரெஸ்வெரட்ரோல், வெங்காயத்தின் குவர்செட்டின், மரமஞ்சளின் பெர்பரின் ஆகியவை கலங்களுக்குள் ஏற்படும் ஒட்சியேற்றச் சேதத்தையும் அழற்சியையும் குறைப்பதாக ஆய்வுகூடச் சோதனைகள் காட்டுகின்றன. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளில் உலோகத்தைச் சுற்றி எலும்பு கூடுதலாக வளர்ந்ததாகவும் ஆய்வுகள் வந்துள்ளன.

பிரண்டையின் கதை இதைவிடப் பழையது. பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் சத்திரசிகிச்சை நிபுணர் உடுப்பாவும் பிரசாத்தும் கதிரியக்கக் கல்சியம்-45ஐப் பயன்படுத்தி, பிரண்டை முறிவு பொருந்துவதில் என்ன செய்கிறது என்று சோதித்து 1964இல் வெளியிட்டார்கள். பொருந்துதல் விரைவுபடுவதாக அவர்கள் கண்டார்கள். ஆகவே எங்கள் முறிவு வைத்தியர்களின் அனுபவத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அது விலங்குகளில் செய்த சோதனை. மனிதரில் நடந்தவை சிறிய ஆய்வுகள். நீரிழிவுள்ள ஒருவரின் செயற்கை மூட்டைப் பிரண்டை காப்பாற்றும் என்று சொல்ல அவை போதாது.

மஞ்சளிலும் ஒரு சிக்கல். அதில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான், அதுவும் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படும். 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்தபோது உறிஞ்சல் 20 மடங்கானதாக 1998இல் பெங்களூர் ஆய்வொன்று காட்டியது. பலர் இதைக் கேட்டுவிட்டு மிளகு கலந்த மாத்திரைகளை வாங்குகிறார்கள். பைப்பரின் வேறு மருந்துகளின் அளவையும் குருதியில் கூட்டும். அவற்றில் பெனிற்ரோயினும் ஒன்று. தலையில் செல்துண்டு பட்டு வலிப்புக்கு அந்தக் குளிசை எடுப்பவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். பெர்பரினும் சீனியைக் குறைக்கும், ஆகவே நீரிழிவுக் குளிசையோடு சேரும்போது சீனி மட்டம் ஆபத்தான அளவுக்கு விழலாம். கறியில் போடும் மஞ்சளையும் மிளகையும் பற்றி நான் இங்கே பேசவில்லை. புளிவிட்டு வதக்கிய பிரண்டைத் துவையலையும் தாராளமாகச் சாப்பிடலாம்.

இன்னொரு ஆபத்து கட்டில் இருக்கிறது. நீரிழிவால் கால் விறைத்தவருக்கு இறுக்கிக் கட்டிய பத்தும் மட்டையும் தோலை அறுப்பது தெரியாது. உள்ளே உலோகம் இருக்கும் காலில் அந்தப் புண் எலும்புவரை போகலாம்.

சத்திரசிகிச்சைக்கு முன் பலன் உறுதியானவை வேறு. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7 அல்லது 8 சதவீதத்துக்குள் வரவேண்டும் என்று பல நிபுணர்கள் எதிர்பார்க்கிறார்கள். சீனியை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களில் பொருத்திய பற்கள், நீரிழிவு இல்லாதவர்களுக்கு நிலைப்பது போலவே பெரும்பாலும் நிலைக்கின்றன. புகைத்தலை விடுவதும் எலும்புக்கு நேரடி உதவி.

சித்த மருந்து எடுக்க விரும்புபவர்களுக்குக் கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. அங்கே போகும்போது கிளினிக் கொப்பியைக் கொண்டுபோங்கள். அங்கே தரும் மருந்தின் பெயரை அதே கொப்பியில் எழுதுவித்து, சத்திரசிகிச்சை நிபுணரிடமும் காட்டுங்கள்.