கோலாரில் பக்கவாட்டில் வந்த துகள்

நியூட்ரினோன்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வருவது தேனி பொட்டிப்புரமும் அங்கே நடந்த போராட்டமும்தான். அதற்கு அரை நூற்றாண்டு முன்னாடியே கோலார் தங்கவயலில் நியூட்ரினோவைப் பிடிச்சிட்டாங்க. விருத்தாசலத்தில் செராமிக் சூளைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு மண்ணுன்னா வேகவைக்கிற பொருள். மண்ணும் பாறையும் வடிகட்டியாகவும் உதவும்னு கோலார் கதையில்தான் புரிஞ்சுது.

காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதினால் மியூவான், நியூட்ரினோ ரெண்டுமே பிறக்கும். 1960-களின் தொடக்கத்தில் டாடா ஆய்வு நிறுவனத்தின் நரசிம்மம், ரமணமூர்த்தி, ஜப்பானியரான மியாகே மூவரும் சுரங்கத்தின் வெவ்வேறு ஆழங்களில் மியூவான்களை எண்ணினார்கள். இறங்க இறங்க எண்ணிக்கை குறைந்தது. மிக ஆழத்தில் சுமார் ரெண்டு மாசம் காத்திருந்தும் ஒன்றுகூட வரலை. வேற யாராவதா இருந்தா மூட்டை கட்டியிருப்பாங்க! இவர்களுக்கோ அந்தப் பூஜ்ஜியம்தான் பொக்கிஷம். இவ்வளவு அமைதியான இடத்தில் நியூட்ரினோவைத் தேடலாமே.

1965-ல் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளைச் சுவர் மாதிரி எதிரெதிரே நிறுத்தினார்கள். மும்பையோடு ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்த முயற்சி அது. தலைக்கு மேலிருந்து அபூர்வமாக ஒரு மியூவான் வரலாம். பக்கவாட்டில் வரணும்னா பல கிலோமீட்டர் பாறையைத் துளைக்கணும், அது நடக்காது. அப்படியும் ஒன்று கிடைமட்டமாக வந்தால், அருகிலுள்ள பாறையில் நியூட்ரினோ மோதி உண்டானதுதான். வந்தது.

அதே சமயம் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு தங்கச் சுரங்கத்தில் ரைன்ஸ் குழு காத்திருந்தது. முதலில் பார்த்தது அவர்கள், பிப்ரவரி 23 அன்று. முதலில் அச்சில் வந்தது கோலார், ஆகஸ்ட் 15 அன்று. ரெண்டு வாரம் வித்தியாசம். யார் முதல்ங்கிற சண்டையில் எனக்கு ஆர்வமில்லை.

அந்த ஆழத்தைத் தோண்டினது யார்? பெரும்பாலும் வட ஆற்காடு பக்கமிருந்து போன தமிழ்க் கூலித் தொழிலாளிகள், அதிலும் தலித் மக்களே அதிகம். பாறை வெடிப்பிலும் நுரையீரலில் படிந்த தூசியிலும் செத்தவங்க ஏராளம். ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் அவர்களுக்கு இடமிருக்காதுதான். ஆனா நம்ம அறிவியல் வரலாற்றிலுமா?

கோலாரில் சிக்கியவை நம் வளிமண்டலத்தில் பிறந்தவை. தொலைதூர விண்வெளியிலிருந்து நேராக வரும் உயர் ஆற்றல் நியூட்ரினோக்களுக்கு 2013-ல்தான் சான்று கிடைச்சுது. அதற்குத் தென்துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டி தேவைப்பட்டது. அதற்குள் கோலாரில் கதை முடிஞ்சிருந்தது. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பம்புகள் நின்றன, தண்ணீர் ஏறிடுச்சு.