கூருவுக்குப் போனவர்களும் செவ்வாய்க்குப் போகப்போகிறவர்களும்

2025 ஜனவரியில் நம் மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர் வி. நாராயணன் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்றபோது, அருமனைச் சந்திப்பு டீக்கடையில் ஒரே பெருமைப் பேச்சு. 2018 முதல் 2022 வரை அதே நாற்காலியில் இருந்த சிவனும் நம்ம சரக்கல்விளைக்காரர்தானே! அப்போது பால்வெட்டுக்குப் போய்விட்டு வந்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “சாரே, நெலாவில எறங்கியாச்சு. இனி செவ்வாயில போய் குடியேறச் சொன்னா போவலாமா, வேண்டாமா?”

நான் வாய் திறக்குமுன் பக்கத்துப் பெஞ்சுப் பெரியவர் முந்திக்கொண்டார்: “பொண்ணுக்குச் செவ்வா தோஷமுண்ணு சொன்னாலே மாப்பிள வீட்டுக்காரன் ஓடுதான். இதில அங்கயே போய் குடியிருக்கவா?”

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காரணம், இதே கேள்விக்கு 260 வருடத்துக்கு முன்பு ஒரு அரசாங்கம் “போகலாம்” என்று பதில் எழுதிக் கையெழுத்தும் போட்டது. அந்தக் கதையைப் பள்ளியில் பிரெஞ்சில் படித்தவன் நான். காரைக்காலில் பிறந்தேன்; குமாஸ்தா வேலை இந்த மாவட்டத்துக்குக் கொண்டுவந்தது, கல்யாணம் அருமனையில் நிறுத்திவிட்டது.

1763-ல் பாரிஸ் உடன்படிக்கை ஏற்பட்டது. 1761-ல் ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய புதுச்சேரி அந்த உடன்படிக்கையால்தான் பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆனால் கனடா கை நழுவிப் போயிற்று. அந்த இழப்பை ஈடுகட்ட மந்திரி ஷுவாசெல் ஒரு திட்டம் போட்டார். தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவில் கூரு என்ற ஆற்றங்கரையில் ஐரோப்பியர்களைக் கொண்டுபோய்க் குடிவைப்பது என்று. நிலம் இலவசம், கொஞ்ச காலத்துக்குச் சாப்பாடும் அரசாங்கச் செலவு என்று விளம்பரம் செய்தார்கள். அல்சாஸ், லொரேன், ரைன் நதிக்கரை ஊர்களிலிருந்து ஏழை ஜனங்கள் பெண்டு பிள்ளைகளோடு துறைமுகத்துக்கு நடந்தே வந்து சேர்ந்தார்கள்.

ஏறக்குறைய 12,000 பேர் கப்பலேறினார்கள். அங்கே தங்க இடம் தயாராகவில்லை. ஒரு கப்பல் ஆட்களுக்கு வீடு கட்டி முடிப்பதற்குள் அடுத்த கப்பல் வந்து நின்றது. கவர்னராக நியமிக்கப்பட்ட துர்கோ நெடுநாள் பிரான்சிலேயே தங்கிவிட்டார். நிர்வாக அதிகாரி ஷான்வலோன் அங்கிருந்து திணறினார். மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மாவு கெட்டுப்போனது. காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் பரவின. இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலோர், சுமார் 9,000 பேருக்கு மேல், மாண்டுபோனார்கள். கரைக்கு அப்பால் கடலில் மூன்று சிறு தீவுகள் உண்டு. அங்கே காற்றோட்டம் இருந்ததால் ஒதுங்கிய சிலர் பிழைத்தார்கள். அதனால் அவற்றுக்கு ‘மீட்புத் தீவுகள்’ என்று பெயர் வந்தது. பிற்பாடு ஷான்வலோனைப் பிடித்துச் சிறையில் வைத்தார்கள்.

அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த 9,000 பேரைக் காய்ச்சல் மட்டும் கொல்லவில்லை. ஸ்டோர் இருப்பைப் பார்க்காமல் ஆளை அனுப்பும் உத்தரவு கொல்லும். உத்தரவு போட்டவர் ஒரு கண்டத்திலும் அதை நிறைவேற்றுகிறவர் இன்னொரு கண்டத்திலும் இருந்தால், கடிதம் போய்ச் சேருவதற்குள் காரியம் கெட்டுவிடும்.

பிறகு அதே தீவுகளுக்கு 1852 முதல் கைதிகளை அனுப்பினார்கள். குற்றமற்ற டிரைஃபஸ் என்ற ராணுவ அதிகாரி அடைபட்ட சாத்தான் தீவு அவற்றில் ஒன்றுதான். விரும்பிப் போக ஆளில்லாத ஊருக்கு விலங்கு பூட்டியாவது ஆள் சேர்ப்பது!

அதற்கும் போதாமல்தான் நம் ஜனங்களைத் தேடி வந்தார்கள். 1856 முதல் 1877 வரை இந்தியாவிலிருந்து சுமார் 8,400 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் பிரெஞ்சு கயானாவுக்குப் போனார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் அவர்களில் ஏராளம். ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் இலவசமாகத் திரும்பலாம் என்று தாளில் இருந்தது. தோட்டத்திலும் தங்கம் அரிக்கும் காட்டிலும் சாவு மிகவும் அதிகமாகி, 1876-ல் பிரிட்டிஷ் அரசாங்கமே ஆள் அனுப்புவதை நிறுத்திவைத்தது.

இங்கே என் வீட்டுக் கதை வருகிறது. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். பெட்டியிலிருந்து ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்து, “பிரான்சு படிக்கிறியே, இதிலே என்ன எழுதியிருக்குன்னு சொல்லுடா” என்றார் என் பாட்டி. நாலு பங்கு. மூன்று பங்குக்கு நேரே பெயரும் கையொப்பமும் இருந்தன. நாலாவது பங்கு, பாட்டியின் சித்தப்பாவுடையது. அவர் பெயருக்கு நேரே ‘அப்சான்’ என்று எழுதியிருந்தது. வகுப்பில் ஆஜர் எடுக்கும்போது வராத பையனுக்குச் சொல்கிற அதே வார்த்தை.

“வரலைன்னு எழுதியிருக்கு பாட்டி” என்றேன்.

“செத்துட்டார்னு எழுதலையே?” என்று கேட்டார். இல்லை என்றேன். பத்திரத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டார். பிரெஞ்சுச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு: இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவர். சித்தப்பா கயேனுக்குக் கப்பலேறியவர். அந்த நாலாவது பங்கு நிலத்தை என் பாட்டி காலம்வரை யாரும் விற்கவில்லை.

டீக்கடை நண்பரிடம் மறுநாள் இதைச் சொன்னேன். அவர் லேசில் விடுகிறவர் இல்லை. “சாரே, யாரும் எங்கேயும் போவாம இருந்திருந்தா நமக்கு இந்த ரப்பர் மரம் உண்டா? அதும் அங்கேருந்து வந்ததுதானே?” என்றார். நல்ல கேள்வி. தென் அமெரிக்கக் காட்டு மரம்தான் அது. 1876-ல் விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கு முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன. கயானாவுக்கு ஆள் போவது நின்ற அதே வருடம்! மொரீஷியசுக்கும் ரீயூனியனுக்கும் போன தமிழர்களின் சந்ததி இன்று நன்றாக இருப்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் ரப்பர் இங்கே பிடித்ததற்குக் காரணம், அருமனை மழையும் செம்மண்ணும் அதற்கு அந்நியமாக இல்லை என்பதுதான். செவ்வாயில் காற்றழுத்தம் நம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கிற காற்றிலும் 95 சதவீதம் கரியமில வாயு. சராசரிக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரி. மண்ணிலே பெர்குளோரேட் என்ற நச்சு உப்பு. பூமியிலிருந்து புறப்பட வசதியான நேரம் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். கூருவில் பசித்தவனுக்கு மீனாவது கிடைத்திருக்கும், மூச்சு விடக் காற்று இருந்தது. அங்கேயே இந்தக் கதி.

அப்படியானால் வானத்தைப் பார்க்கவே வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். கூருவின் மிச்சக் கதையைக் கேளுங்கள். அல்ஜீரியா விடுதலையானபின் பிரான்சுக்கு ராக்கெட் விட இடம் தேவைப்பட்டது. பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் 1964-ல் கூருவைத் தேர்ந்தெடுத்தார்கள். 1968-ல் முதல் ராக்கெட். நம் ‘ஆப்பிள்’ செயற்கைக்கோள் 1981 ஜூன் 19-ல் அங்கிருந்துதான் ஏரியான் ராக்கெட்டில் போனது. அந்த ஏரியானின் எஞ்சின் பெயர் வைக்கிங். 1974 ஒப்பந்தப்படி நம் எஞ்சினியர்கள் பிரான்சில் வெர்னோன் என்ற ஊரில் அதைக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் குழுவை நடத்தியவர் நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன். அதன் இந்தியத் தம்பிதான் விகாஸ். நம் மகேந்திரகிரியில் வைத்து நெருப்பு மூட்டிச் சோதிக்கிறார்கள். 2013 நவம்பர் 5-ல் மங்கள்யானை ஏற்றிச் சென்ற பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் கட்டத்தில் இருந்ததும் விகாஸ்தான். 2014 செப்டம்பர் 24-ல் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. செலவு சுமார் 450 கோடி, உயிர்ச்சேதம் ஒன்றுமில்லை.

ஆளைக் குடிவைக்கப் போய் அழிந்த கூரு, கருவியை அனுப்பும் இடமாகப் பிழைத்துக்கொண்டது. அதற்கும் அந்த ஊர்க் குடும்பங்களை இடம் மாற்றித்தான் தளம் போட்டார்கள். தும்பாவில் பள்ளித்துறை மீனவர்கள் கோயிலையும் வீட்டையும் விட்டுக்கொடுத்தது போல. அந்தக் கணக்கையும் மறக்கக் கூடாது.

ஆகவே நண்பருக்கு என் பதில் இது. கருவிகள் போகட்டும். ஒருநாள் மனிதரும் போகட்டும், போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பட்டும். குடியேற்றம் என்று கோப்பு வந்தால் மட்டும், மூச்சுக் காற்றும் தண்ணீரும் முன்கூட்டியே போய்ச் சேர்ந்ததா, திரும்பி வர வண்டி அங்கேயே தயாராக நிற்கிறதா, கையெழுத்துப் போடுகிற பெரிய மனிதர் முதல் வண்டியில் தன் பிள்ளைகுட்டியோடு ஏறுகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

நண்பர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்த நாலாவது பங்கு என்ன ஆச்சு சாரே?” என்றார்.

பாட்டி காலமான பிறகு விற்றோம். விற்பனைப் பத்திரத்தில் சித்தப்பா பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று எழுத்தர் கேட்டார். ‘காலஞ்சென்ற’ என்று எழுதச் சொன்னது நான்தான். அதற்குள் சுமார் நூறு வருடம் ஆகியிருந்தது.

இந்தப் பக்கத்திலும் சிலோன் தோட்டத்துக்குப் போய்த் திரும்பாதவர்கள் உள்ள வீடுகள் இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி யாராவது உண்டென்றால், பெயரையாவது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.