கடல் கடந்த வேலைகள்: அமெரிக்காவில் அவுட்சோர்சிங் விவாதத்தின் வளர்ச்சி

அயல்நாட்டு வாணிபம் பற்றிய பொருளியல் சிந்தனை நெடுங்காலம் சரக்குகளைச் சுற்றியே நடந்தது. 1817இல் டேவிட் ரிக்கார்டோ ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டை விளக்க இங்கிலாந்தின் துணியையும் போர்ச்சுகலின் திராட்சை மதுவையும் எடுத்துக்கொண்டார். இரண்டும் கப்பலில் ஏற்றக்கூடியவை. தனக்கு ஒப்பீட்டளவில் குறைந்த செலவில் கைவருவதை ஒவ்வொரு நாடும் செய்து மற்றதை வாங்கிக்கொண்டால் இரு நாடுகளுக்கும் ஆதாயம் என்பது அவர் கண்ட முடிவு. பணம் படைத்தவர்கள் தம் மூலதனத்தைப் பிறந்த நாட்டைவிட்டு எளிதில் வெளியே கொண்டுபோக மாட்டார்கள் என்ற அனுமானமும் அந்த விளக்கத்தில் அடங்கியிருந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் வெடித்த சர்ச்சையில் இந்த அனுமானமே முதலில் கேள்விக்கு உள்ளாயிற்று.

சேவைகளின் நிலை வேறு. கணக்கு எழுதுவதும் வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் சொல்வதும் கேட்பவரும் செய்பவரும் ஒரே ஊரில் இருந்தால்தான் நடக்கும் என்று கருதப்பட்டது. இந்த எண்ணம் மாறப்போவதை முன்கூட்டியே கண்டவர்களில் மும்பையில் பிறந்த பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி முக்கியமானவர். தொழில்நுட்பம் வளர வளர, சேவையை அதைச் செய்யும் ஆளிடமிருந்து பிரித்து வேறொரு நாட்டுக்கு விற்க முடியும் என்று 1984இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவர் வாதிட்டார்.

அடுத்த ஆண்டே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் வடிவமைப்பு மையம் தொடங்கி, செயற்கைக்கோள் இணைப்பின் வழியே வேலையை அமெரிக்காவுக்கு அனுப்பியது. 1991இல் இந்திய அரசு மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா அமைப்பை உருவாக்கியதும், சொந்தமாக இணைப்பு ஏற்படுத்த வசதியில்லாத சிறு நிறுவனங்களுக்கும் அந்த வழி திறந்தது. 2000ஆம் ஆண்டு பிறக்கும்போது கணினிகளில் தேதிக் குழப்பம் நேரும் என்ற அச்சம் அமெரிக்க நிறுவனங்களை இந்திய நிரலாளர்களிடம் கொண்டுவந்து சேர்த்தது. அந்த வேலை முடிந்த பிறகும் உறவு நீடித்தது. 2001இல் உலக வங்கியே தன் கணக்குப் பணிகளில் ஒரு பகுதியைச் சென்னைக்கு மாற்றியது. 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கிலோமீட்டர் நீளக் கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் இயங்கத் தொடங்கியது. தொலைபேசி உரையாடலையும் கோப்புகளையும் கடல் கடந்து அனுப்பும் செலவு பெரிதும் சரிந்தது.

அமெரிக்காவில் எழுந்த எதிர்ப்புக்குக் காலமும் ஒரு காரணம். 2001ஆம் ஆண்டின் பொருளாதார மந்தம் அந்த ஆண்டு நவம்பரிலேயே முடிந்துவிட்டது. ஆனால் வேலைவாய்ப்பு 2003 நடுப்பகுதி வரை தலைதூக்கவில்லை. அந்த இடைவெளியில்தான், 2002 நவம்பரில், பாரஸ்டர் ஆய்வு நிறுவனத்தின் கணிப்பு வெளிவந்தது. 2015க்குள் 33 லட்சம் சேவைத் துறை வேலைகளும் அவற்றோடு 136 பில்லியன் டாலர் சம்பளமும் நாட்டைவிட்டு வெளியேறும் என்றது அது. நியூ ஜெர்சி மாநிலத்தில் அரசு உதவி பெறும் ஏழைகளின் தொலைபேசி அழைப்புகளை மும்பையில் இருப்பவர்கள் எடுக்கிறார்கள் என்ற செய்தி பெரும் கொதிப்பைக் கிளப்பியது. அரசு ஒப்பந்த வேலைகளை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று மாநில செனட்டர் ஷர்லி டர்னர் மசோதா கொண்டுவந்தார். வேலையில்லாமல் அரசு உதவியை நாடி வந்தவரின் அழைப்பை எடுக்கும் வேலையே வெளிநாட்டுக்குப் போயிருந்ததால், அந்தக் கோபத்தை வெறும் அந்நிய வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது.

இதற்கு எதிர்வாதமாக அதிகம் எடுத்தாளப்பட்டது மெக்கின்சி குளோபல் இன்ஸ்டிட்யூட் 2003இல் வெளியிட்ட கணக்கு. இந்தியாவுக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு டாலர் வேலைக்கும் அமெரிக்காவுக்கு 1.12 முதல் 1.14 டாலர் வரை திரும்பி வருகிறது, இந்தியாவுக்கு 33 சென்ட் கிடைக்கிறது என்று அது கூறியது. அவுட்சோர்சிங்கை ஆதரித்தவர்கள் இந்த மொத்தத் தொகையைத்தான் மேடைதோறும் சொன்னார்கள். அதன் உட்பிரிவுகளே கூர்ந்து பார்க்க வேண்டியவை. செலவு மிச்சத்தால் நிறுவனங்களும் நுகர்வோரும் பெறுவது 58 சென்ட். இந்தியாவுக்கு அமெரிக்கப் பொருள்கள் விற்பதால் 5 சென்ட். அமெரிக்க நிறுவனங்களின் இந்தியக் கிளைகள் அனுப்பும் லாபம் 4 சென்ட். இதுவரை 67 சென்ட்தான். எஞ்சிய 45 முதல் 47 சென்ட், வேலை இழந்தவர்கள் வேறு வேலைக்குப் போய் ஈட்டுவார்கள் என்ற எதிர்பார்ப்பில் சேர்க்கப்பட்டது. அவர்களுக்கு வேலை கிடைத்தால் நாட்டுக்கு லாபம். கிடைக்காவிட்டால் டாலருக்கு 33 சென்ட் நஷ்டம். மறுவேலை கிடைக்கும் வேகத்தை அந்த ஆய்வு அமெரிக்காவின் கடந்தகால அனுபவத்திலிருந்து எடுத்துக்கொண்டது. முழு விவாதமும் இந்த ஒரு வரியைத்தான் சுற்றி நடந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை.

2004 தேர்தல் ஆண்டு. ஜனவரியில் செனட்டர் சார்லஸ் ஷூமரும் பொருளியலாளர் பால் கிரெய்க் ராபர்ட்ஸும் இணைந்து நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரை, மூலதனமும் அறிவும் எல்லை கடந்து பாயும் காலத்தில் ரிக்கார்டோவின் வாதம் செல்லுமா என்று கேட்டது. பிப்ரவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் குழுத் தலைவர் கிரெகரி மான்கியூ, அவுட்சோர்சிங் என்பது அயல்நாட்டு வாணிபத்தின் புதிய வடிவம்தான், நாளடைவில் நாட்டுக்கு நல்லது என்று விளக்கினார். பாடநூலில் எந்த ஆசிரியரும் மறுக்காத கருத்து அது. ஆனால் புஷ்ஷின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த பிரதிநிதிகள் அவைத் தலைவர் டென்னிஸ் ஹாஸ்டர்ட்டே அதைக் கண்டித்தார்.

அதே ஆண்டு கோடையில் பால் சாமுவேல்சன் எழுதிய கட்டுரை கல்வி உலகை அதிரவைத்தது. நோபல் பரிசு பெற்றவர், தலைமுறைகளுக்குப் பொருளியல் கற்பித்த பாடநூலின் ஆசிரியர், அப்போது வயது 89. அமெரிக்கா ஏற்றுமதி செய்துவந்த ஒரு துறையில் சீனாவின் உற்பத்தித்திறன் உயர்ந்தால், அமெரிக்காவின் தலா வருமானம் நிரந்தரமாகக் குறையவும் கூடும் என்று அவர் ரிக்கார்டோவின் கருவிகளைக் கொண்டே காட்டினார். வாணிபத்தால் எல்லோருக்கும் எப்போதும் ஆதாயம் என்று சக பொருளியலாளர்கள் மிகைப்படுத்திச் சொல்வதே அவர் இலக்கு. இறக்குமதிக்குத் தடை போடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. பகவதி, அரவிந்த் பனகாரியா, சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற டி.என். சீனிவாசன் ஆகிய மூவரும் சில மாதங்களில் பதில் எழுதினர். சாமுவேல்சன் காட்டியது வாணிப விகிதம், அதாவது ஏற்றுமதி விலைக்கும் இறக்குமதி விலைக்கும் உள்ள விகிதம், மாறுவதன் விளைவு, அதை அவுட்சோர்சிங் என்ற தனி நிகழ்வோடு போட்டுக் குழப்பக் கூடாது என்பது அவர்கள் வாதம். தர்க்கத்தில் அவர்கள் சொன்னது சரி. ஆயினும் இழப்பு சாத்தியம் என்ற சாமுவேல்சனின் முடிவு அதனால் பொய்யாகிவிடவில்லை.

எண்ணிக்கை பற்றிய குழப்பமும் தீரவில்லை. 2004இன் முதல் காலாண்டில் நடந்த பெரிய ஆட்குறைப்புகளில் 4,633 பேர் மட்டுமே வேலை வெளிநாட்டுக்குப் போனதால் பணியிழந்தனர் என்றது அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை. ஆனால் 50 பேருக்குக் குறையாமல் நீக்கப்பட்ட நிகழ்வுகளையே அது எண்ணியது; பத்துப் பத்துப் பேராக அனுப்பப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் வரவே இல்லை. மறுபுறம் மேரி அமிட்டி, ஷாங்-ஜின் வெய் இருவரும் 2005இல் எழுதிய ஆய்வு, அமெரிக்கா வாங்குவதைவிட அதிகச் சேவைகளை வெளிநாடுகளுக்கு விற்கிறது என்பதை நினைவூட்டியது. 2006இல் ஆலன் பிளைண்டர் வேறொரு பிரிவினையை முன்வைத்தார். படித்தவர், படிக்காதவர் என்ற கோடு இனிப் பொருந்தாது. கம்பி வழியே தரம் குறையாமல் அனுப்பத்தக்க வேலையா, நேரில் செய்ய வேண்டிய வேலையா என்பதே கேள்வி என்றார். மின்பணியாளரின் வேலை பத்திரமாக இருக்க, எக்ஸ்ரே படிக்கும் மருத்துவரின் வேலை ஆபத்தில் இருக்கலாம்.

மறுவேலை பற்றிய நம்பிக்கையை உடைத்தது தொழிற்சாலை உலகம். சீனா 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அங்கிருந்து வந்த இறக்குமதிகளின் போட்டி தாக்கிய அமெரிக்க வட்டாரங்களை டேவிட் ஆட்டர், டேவிட் டார்ன், கோர்டன் ஹான்சன் மூவரும் 2013இல் ஆராய்ந்தனர். வேலை இழந்தவர்கள் வேறு ஊருக்கோ வேறு துறைக்கோ எளிதில் நகரவில்லை. அங்கெல்லாம் அரசு உதவித்தொகைச் செலவே கூடியது. சேவைத் துறையில் இதே அளவு சேதம் நேர்ந்ததாகச் சான்று இல்லை. ஆனால் சந்தை தானே எல்லோரையும் வேறு வேலையில் அமர்த்திவிடும் என்ற எண்ணம் அதன்பின் பழைய உறுதியோடு நிற்கவில்லை.

இழந்தவர்களுக்கு ஈடுசெய்ய அமெரிக்காவில் 1962 முதல் வர்த்தகச் சரிக்கட்டு உதவித் திட்டம் இருந்தது. பொருள் தயாரிப்பவர்களுக்கே அது உரியது என்று விளக்கம் சொல்லி மென்பொருள் பணியாளர்களின் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. 2009இல்தான் சேவைத் துறை தெளிவாகச் சேர்க்கப்பட்டது, விவாதத்தின் உச்சம் கடந்து ஐந்தாண்டுகள் கழித்து. 2022 ஜூலையில் திட்டத்தின் சட்ட அனுமதியே காலாவதியானது. புதிய விண்ணப்பங்களுக்கான ஒப்புதல் நின்றது. 2025 செப்டம்பரில் செனட்டர் பெர்னி மொரேனோ, வெளிநாட்டுச் சேவைகளுக்காக அமெரிக்க நிறுவனங்கள் செலுத்தும் தொகைக்கு 25 சதவீத வரி விதிக்கும் மசோதாவை அறிமுகப்படுத்தினார். வரியாக வரும் பணத்தை உள்நாட்டுத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் நிதியில் சேர்க்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு.