நாட்டாண்மை இல்லாத ஊர்

ஒரு பொறியின் வரலாற்றை எழுதுவோர், அதனைக் கண்டுபிடித்தவர் பெயரையும், விற்ற நிறுவனத்தின் பெயரையும், வெளிவந்த ஆண்டையும் தவறாது குறிப்பர். அதனை விலைகொடுத்து வாங்கி நாள்தோறும் கையாண்ட மக்கள் அதைப்பற்றி என்ன எண்ணினர் என்பது பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. முதன்முதலில் தையற்பொறியை மிதித்த தையற்காரரும், முதன்முதலில் மிதிவண்டி ஏறிய எழுத்தரும் காப்பிக் கடையில் பேசிய பேச்சு காற்றோடு போயிற்று. மனிதர் மேசைக்கு வந்த கணிப்பொறிக்கு மட்டும் இதில் ஒரு விலக்கு நேர்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில், அதனைப் பயன்படுத்தியோரின் மெச்சுதலும் முறையீடும் ஐயமும் இலட்சக்கணக்கில் எழுத்தாகக் குவிந்தன. அவை குவிந்த இடம் யூஸ்நெட் என்பது. அதற்கு உரிமையாளர் இல்லை, தலைமையகம் இல்லை, ஆசிரியர் இல்லை. இத்தகைய ஓர் அமைப்பு எவ்வாறு தோன்றியது, எதனைச் சாதித்தது, ஏன் தளர்ந்தது என்பன ஆராயத்தக்கவை.

ஏழைகளின் வலை

1969ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பொருளுதவியால் அர்பாநெட் என்னும் கணிப்பொறி வலை அமைந்தது. அத்துறையோடு ஒப்பந்தம் கொண்ட நிறுவனங்களுக்கே அதில் இடமுண்டு. வட கரோலினா மாநிலத்தின் டியூக் பல்கலைக்கழகத்திற்கு அந்தப் பேறு இல்லை. அங்கு பயின்ற டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்னும் இரு மாணவர்கள் 1979இல் வேறொரு வழியைச் சிந்தித்தனர். பெல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குமுறையின் புதிய பதிப்பில், ஒரு கணிப்பொறி மற்றொன்றைத் தொலைபேசி மூலம் அழைத்துக் கோப்புகளைப் பரிமாறும் வசதி இருந்தது. இதனைக் கொண்டே செய்திகளைப் பகிர்ந்துகொண்டால் என்ன என்பதே அவர்கள் எண்ணம். அண்டையிலிருந்த சேப்பல் ஹில் பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் பெல்லோவின் முதல் நிரலை எழுதினார். 1980 சனவரியில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கூடிய யூனிக்ஸ் பயனர் மாநாட்டில் இத்திட்டம் அறிவிக்கப்பட்டது. ஏழைகளின் அர்பாநெட் என்றே அதனைப் பலரும் அழைக்கலாயினர்.

அதன் வேலைமுறை மிக எளியது. கட்டணம் குறைந்த இரவு வேளையில் ஒரு கணிப்பொறி தன் அண்டைக் கணிப்பொறியை அழைக்கும், தன்னிடம் புதிதாக வந்த செய்திகளைக் கொடுக்கும், அங்குள்ளவற்றைப் பெற்றுக்கொள்ளும். அந்த அண்டைப் பொறி தன் அண்டைக்குக் கொடுக்கும். ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாள எண் உண்டு. முன்பே வந்துவிட்ட செய்தி மீண்டும் ஏற்கப்படாது. திருமணச் செய்தி வாய்மொழியாக வீட்டுக்கு வீடு பரவுவது போல, ஒரு கடிதம் சில நாட்களில் கண்டம் கடந்து சென்றது. நடுவே ஒரு பொறி பழுதுபட்டால் வேறு வழியாக வந்து சேர்ந்தது. தொலைபேசிக் கட்டணத்தை அவரவர் நிறுவனமே செலுத்தியது. பொது நிதியும் இல்லை, பொருளாளரும் இல்லை.

செய்திகள் பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டுக் குழுக்களாயின. அறிவியலுக்கும் இலக்கியத்திற்கும் சமையலுக்கும் குழுக்கள் இருந்தன. ஐ.பி.எம். பொறிக்கு ஒன்று, மேக்கின்டாஷ் பொறிக்கு ஒன்று, அச்சுப்பொறிகளுக்கு ஒன்று என்று கணிப்பொறியாளருக்குத் தனித்தனிக் குழுக்கள் ஏற்பட்டன. சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளின் பெயரிலும், தமிழர் பண்பாட்டின் பெயரிலும் பின்னாளில் குழுக்கள் தோன்றின. உரோமன் எழுத்துகளே தடையின்றிச் செல்லக்கூடிய காலம் அது. ஆதலின் தமிழ் எழுத விரும்பியோர் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்திலேயே எழுதினர்.

ஆள்வோர் இன்றி ஆட்சி

நாட்டாண்மை இல்லையெனினும் ஊருக்கு நடைமுறை வேண்டும். புதிய குழு அமைக்க வேண்டுமானால் முன்மொழிந்து, விவாதித்து, வாக்கெடுப்பு நடத்தும் வழக்கம் வந்தது. எதிர்ப்பு வாக்கைவிட ஆதரவு வாக்கு 100ஆவது மிகுந்திருக்க வேண்டும் என்பது விதி. ஒரே கேள்வியைப் புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதால், தொண்டர் சிலர் வினாக்களையும் விடைகளையும் தொகுத்து மாதந்தோறும் வெளியிட்டனர். அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள் என்று இன்று எல்லா நிறுவனங்களும் வெளியிடும் வடிவம் வேரூன்றியது இங்கேதான்.

ஆயினும் எல்லார் சொல்லும் ஒரே எடை கொண்டதாக இல்லை. தொலைதூரத்திற்குச் செய்தி சுமந்த பெரிய கணிப்பொறிகள் சிலவே. 1983 முதல் அவை முதுகெலும்பு எனப்பட்டன. அவற்றை மேற்பார்த்தவர்கள் சுமக்க மறுத்த குழு வளர்வது அரிதாயிற்று. 1986, 1987ஆம் ஆண்டுகளில் குழுக்கள் அனைத்தும் ஏழு பெரும் பிரிவுகளாகப் பெயர் மாற்றப்பட்டன. ஓயாத வாக்குவாதக் குழுக்களைத் தனிப் பிரிவில் அடைத்தால், செலவுக்கு அஞ்சிய ஐரோப்பிய நிலையங்கள் அவற்றை எளிதில் தவிர்க்கலாம் என்பது அதன் காரணங்களுள் ஒன்று. இதனை விரும்பாதோர் 1987இல் வாக்கெடுப்பே தேவைப்படாத மாற்றுப் பிரிவு ஒன்றைத் தொடங்கினர். வண்டிக் கூலி கொடுப்பவர் வழியைத் தீர்மானிக்க முயல்வதும், மற்றவர் வேறு வண்டி கட்டிக்கொள்வதும் ஆகிய இரண்டையும் இந்நிகழ்ச்சியில் காணலாம்.

பென்டியம் வழக்கு

இந்த ஊரின் வலிமையை உலகம் கண்டது 1994இல். அமெரிக்காவின் விர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்தவர் தாமஸ் நைஸ்லி. இரட்டைப் பகா எண்கள் பற்றிய ஆய்வில் அவர் ஈடுபட்டிருந்தார். அவ்வாண்டு சூன் திங்களில் அவர் கணக்கில் ஒரு பிழை தென்பட்டது. தம் நிரலையும் கருவிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, குற்றம் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சில்லில் உள்ளது என்று அக்டோபரில் முடிவு கண்டார். நிறுவனத்திற்குத் தெரிவித்தபின், அத்திங்கள் 30ஆம் நாள் தமக்கு அறிமுகமான சிலருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். சில நாட்களில் அச்செய்தி யூஸ்நெட்டில் இன்டெல் பொறிகளுக்கென இருந்த குழுவிற்கு வந்து சேர்ந்தது.

அதன்பின் நடந்தது ஊர் கூடித் தேர் இழுத்த கதை. நார்வேயிலிருந்து ஒருவர் சோதனை நிரல் எழுதினார். ஜெர்மனியிலிருந்து ஒருவர் பிழை காட்டும் எண்களைத் தேடிப் பட்டியல் இட்டார். கலிபோர்னியாவில் டிம் கோ என்னும் பொறியியலாளர், சில்லைத் திறந்து பாராமலே, வெளிவந்த பிழைகளைக் கொண்டு அதன் உள் அமைப்பை ஊகித்தார். 4195835 என்னும் எண்ணை 3145727ஆல் வகுத்தால் 1.33382 வரவேண்டும், பென்டியம் 1.33374 என்றது. இந்த ஓர் எடுத்துக்காட்டே போதுமானதாயிற்று. வீட்டிலுள்ள எவரும் இரண்டு எண்களைத் தட்டித் தம் பொறியின் உண்மையைத் தாமே அறியலாம். வகுத்தலுக்கு உதவும் உள் அட்டவணையில் ஐந்து இடங்கள் வெறுமையாக விடப்பட்டதே பிழையின் மூலம் என்பது பின்னர் விளங்கியது.

குறையைத் தாமே முன்னர் அறிந்திருந்ததாக நிறுவனத்தார் ஒப்புக்கொண்டனர். சாதாரணப் பயனருக்கு இது 27,000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே நேரும் என்றனர். தேவையை மெய்ப்பிப்போருக்கே மாற்றுச் சில்லு தரப்படும் என்றனர். இந்தப் பதில்தான் மக்களைச் சினம் கொள்ளச் செய்தது. காசு கொடுத்து வாங்கியவன், தனக்குச் சரியான கணக்கு ஏன் வேண்டும் என்று விற்றவனிடம் விளக்க வேண்டுமா? நவம்பர் 27ஆம் நாள் நிறுவனத் தலைவர் ஆண்டி குரோவ் பெயரில் அதே குழுவில் விளக்கம் வெளியாயிற்று, வாதம் அடங்கவில்லை. டிசம்பர் 12இல் ஐ.பி.எம். நிறுவனம் பென்டியம் பொறிகளை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20இல் இன்டெல், கேட்பவர் எவர்க்கும் காரணம் கேளாமல் மாற்றித் தர இசைந்தது. இதன்பொருட்டு ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டாலர்.

நாளிதழ்களும் தொலைக்காட்சியும் இச்செய்தியைப் பரப்பின என்பது மெய். எனினும் செய்தியைக் கண்டெடுத்து, சோதித்து, உறுதிசெய்து வைத்தவர்கள் குழுவில் எழுதியவர்களே. அங்கே பொய்யும் வதந்தியும் மெய்யின் வேகத்திலேயே பரவக்கூடும். மெய்யைத் தனித்துக் காட்டியது, ஒவ்வொருவரும் தம் மேசையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை. தலைவன் இல்லாத கூட்டத்தின் சொல்லுக்கு மதிப்பு வந்தது அதனால்தான்.

தளர்ச்சி

சோதனையால் முடிவு காணவியலாத கேள்விகளில் அதே ஊர் தடுமாறியது. 1994 ஏப்ரலில் அரிசோனா மாநில வழக்கறிஞர் இருவர், குடியேற்ற அனுமதிச் சீட்டுக் குலுக்கலுக்கான தம் விளம்பரத்தை ஆயிரக்கணக்கான குழுக்களில் ஒரே சமயத்தில் கொட்டினர். கண்டனம் குவிந்தது, ஆனால் அவர்களை விலக்கிவைக்கும் அதிகாரம் எவரிடமும் இல்லை. முற்காலத்தில் செப்டம்பர்தோறும் கல்லூரிக்குப் புதிதாக வரும் மாணவர் சிலரே யூஸ்நெட்டில் நுழைவர். பழையவர்கள் நடைமுறையைக் கற்றுக்கொடுப்பர். பெரும் வணிக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்க்கு வாயிலைத் திறந்துவிட்டபின் புதியவர் வருகைக்குப் பருவமே இல்லாமற் போயிற்று. கற்பிப்போர் களைத்தனர். காவலும் ஒழுங்கும் உள்ள, ஆனால் உரிமையாளர் உள்ள இணையத்தளங்களுக்கு மக்கள் மெல்ல மெல்லக் குடிபெயர்ந்தனர். யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே 2010 மே திங்களில் தன் செய்திப் பொறியை நிறுத்திவிட்டது.

ஏடு காத்தோர்

செய்திகளை நெடுநாள் வைத்திருக்கும் கடமையும் எவர்க்கும் இருந்ததில்லை. வட்டு இடம் விலை மிகுந்திருந்ததால், பழைய கடிதங்களைச் சில வாரங்களில் அழித்துவிடுவதே வழக்கம். டொரான்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் பணியாற்றிய ஹென்றி ஸ்பென்சர் மட்டும் 1981 முதல் அவற்றைக் காந்த நாடாவில் பதிந்துவைத்தார். பத்தாண்டுக் காலத்தில் 141 நாடாக்கள், ஏறத்தாழ 20 இலட்சம் கடிதங்கள் சேர்ந்தன. எவரும் கேளாமல் ஓலைச்சுவடிகளைப் பரணில் காத்த குடும்பங்களின் தொண்டுக்கு இது நிகராகும். 1995 முதல் டெஜாநியூஸ் என்னும் நிறுவனம் சேமிப்பைத் தொடர்ந்தது. 2001இல் கூகுள் அத்தொகுப்பை வாங்கி, ஸ்பென்சரின் நாடாச் செய்திகளையும் சேர்த்து வெளியிட்டது. 2024 பிப்ரவரி 22 முதல் அந்நிறுவனம் புதிய யூஸ்நெட் செய்திகளை ஏற்பதை நிறுத்தியது. பழையவற்றைத் தேடும் வசதியை மட்டும் விட்டுவைத்தது. பொதுமக்கள் எழுதிய ஏடு, இறுதியில் ஒரு தனியார் பெட்டகத்தின் காப்பில் வந்து நின்றது.

யூஸ்நெட்டின் கருத்து மடியவில்லை. 2016இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ வெளியிட்ட மாஸ்டடான், தனித்தனிப் பொறிகள் ஒன்றோடொன்று பேசும் அதே வழியைப் பின்பற்றுகிறது. அதற்குரிய பொது நெறிமுறை 2018இல் உலக இணையக் கூட்டமைப்பின் ஒப்புதலைப் பெற்றது. புதிய ஊர்களிலும் பழைய கேள்விகள் மூன்று காத்திருக்கின்றன: செலவை யார் சுமப்பது, தீயோரை யார் தடுப்பது, பேசியதை யார் காப்பது? யூஸ்நெட் மாந்தர் ஒரு சில்லின் பிழையை உலகறியச் செய்தனர். இம்மூன்று கேள்விக்கும் விடை எழுதிவைக்காமல் சென்றனர். அந்த விடையை எழுதுவோரே இனி வரும் ஊருக்கு அடித்தளம் இடுவோர் ஆவர்.