ஹீட்டர் 100 சதவீதத்தைத் தாண்டி வெப்பம் தருமா? ஒரு பக்கெட் தண்ணீரில் இருக்கிறது பதில்

ஒரு யூனிட் கரண்ட் கொடுத்தால் ஒன்றரை யூனிட் வெப்பம் தரும் ஹீட்டர் செய்ய முடியுமா? வீட்டிலேயே கருவி செய்து பார்க்கும் ஆர்வலர்களிடையே ஓயாத விவாதம் இது. "அளந்து பார்த்தேன், 120 சதவீதம் வந்தது" என்று ஒருவர் சொல்வார். "அளந்ததில்தான் தப்பு" என்பார் இன்னொருவர். இதில் யார் சொல்வது சரி?

ராஜபாளையம் வட்டாரத்துக்குப் பழகிய கேள்வி

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், செண்பகத்தோப்பு இருக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக்கு இப்படி ஒரு விவாதம் புதிதல்ல. மூலிகையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சி எரிபொருள் எடுக்கலாம் என்று 1996-ல் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த ராமர் பிள்ளை, இந்தப் பகுதியின் இடையன்குளத்தைச் சேர்ந்தவர். ஐஐடி வரை செயல்விளக்கம் நடந்தது. ஆனால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே சேர வழியில்லாதபடி கட்டுப்பாடுகளை இறுக்கியபோது, தண்ணீர் எரிபொருளாகவில்லை. பிறகு வந்த வழக்கும் கோர்ட்டும் தனிக்கதை. அன்று விஞ்ஞானிகள் கேட்டது ஒரே கேள்விதான்: உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு? ஹீட்டருக்கும் அதே கேள்விதான்.

சாதாரண ஹீட்டரின் திறன் எவ்வளவு?

கம்பிச்சுருள் ஹீட்டரில் நுழையும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். சிவப்பாக ஒளிர்ந்தாலும், உள்ளே ஃபேன் சுற்றினாலும், அந்த ஒளியும் காற்றும் அறைக்குள்ளேயே வெப்பமாகிவிடும். அதாவது அது ஏற்கெனவே 100 சதவீதம். கம்பிக்குப் பதில் எண்ணெய், செராமிக், கார்பன் என்று எதைப் போட்டாலும் அந்த அளவு கூடாது. மின்னோட்டத்தால் உண்டாகும் வெப்பத்தை 1840-களிலேயே அளந்து காட்டியவர் ஜேம்ஸ் ஜூல்.

நீங்களே சோதிக்கலாம்

பிளாஸ்டிக் பக்கெட்டில் 10 லிட்டர் தண்ணீர். 1,500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு. 10 நிமிடம் ஓடினால் கால் யூனிட், அதாவது 900 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.19 கிலோஜூல் வேண்டும். கணக்குப்படி சூடு அதிகபட்சம் 21.5 டிகிரி ஏறலாம். 27 டிகிரி தண்ணீர் 48.5 டிகிரியைத் தொடும். காற்றில் போகும் வெப்பத்தால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். பிளக்கைக் கழற்றிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள், தெர்மாமீட்டரை வையுங்கள்.

52 டிகிரி காட்டினால்? கொண்டாடும் முன் இதையெல்லாம் பாருங்கள்:

1. தண்ணீரைக் கலக்கினீர்களா? சூடான தண்ணீர் மேலே நிற்கும். மேலாக அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும்.

2. வோல்டேஜ் எவ்வளவு? 230 வோல்ட்டில் 1,500 வாட் இழுக்கும் ராடு, 250 வோல்ட்டில் சுமார் 1,770 வாட் இழுக்கும். லேபிளில் இருப்பதை நம்பாமல், மற்ற எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு மின் மீட்டரில் ஓடியதைப் பாருங்கள்.

3. மண்பானைத் தண்ணீரா? அறையைவிடக் குளிர்ந்த தண்ணீர், ஹீட்டர் இல்லாமலேயே அறையிலிருந்து வெப்பம் வாங்கும்.

4. விட்டுவிட்டுப் பாயும் மின்சாரமா? துடிப்புகளாகக் கரண்ட் விடும் சர்க்யூட்டில் சாதாரண மீட்டர் குறைத்துக் காட்டலாம்.

5. கொதிக்கவிட்டு அளந்தீர்களா? ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும். ஆவியோடு துளியாகத் தெறித்த தண்ணீரையும் ஆவி என்று கணக்கிட்டால் சதவீதம் தாறுமாறாக எகிறும். 2011-ல் இத்தாலியில் காட்டப்பட்ட 'ஈ-கேட்' கருவி மீதான விவாதமும் ஆவி எந்த அளவு உலர்ந்தது என்பதைச் சுற்றித்தான் நடந்தது.

அப்படின்னா 300 சதவீதம் என்பது பொய்யா?

இல்லை. ஹீட் பம்ப் என்ற கருவி, ஒரு யூனிட் கரண்ட்டுக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் தரும். ஆனால் மூன்றையும் அது உண்டாக்குவதில்லை. இரண்டு யூனிட் வெப்பத்தை வெளிக்காற்றிலிருந்து இழுத்துத் தண்ணீருக்கு மாற்றுகிறது. வீட்டு ஏ.சி.யும் இதே வேலைதான் செய்கிறது: 1.5 டன் ஏ.சி. சுமார் 1.5 கிலோவாட் கரண்ட் எடுத்து, 5 கிலோவாட்டுக்கும் மேல் வெப்பத்தை அறையிலிருந்து வெளியே தள்ளுகிறது. வெப்பத்தை உண்டாக்குவதைவிட இடம் மாற்றுவது மலிவு. அதனால்தான் இதை 'திறன்' என்று சொல்லாமல் 'செயல்திறன் குணகம்' என்கிறார்கள்.

வாங்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

"எங்க ஹீட்டர் 150 சதவீதம் வெப்பம் தரும்" என்று யாராவது விற்க வந்தால், கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கூடுதல் 50 சதவீதம் எங்கிருந்து வருகிறது? கம்ப்ரசர் இருக்கிறது, வெளிக்காற்றிலிருந்து எடுக்கிறது என்றால் மேற்கொண்டு விலையைப் பேசலாம். அது ரகசியம் என்று பதில் வந்தால், பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.