திடலில் வென்றோம், மேசையில் இழந்தோம்

கடந்த மாதம் பதிவான நமது தொலைக்காட்சி மன்றத்தில் காற்பந்தைப் பற்றிப் பேசினோம். நேரம் போதாமல் பாதியில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அன்று பேசியதையும் பேச நினைத்து விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அன்று பார்வையாளர் வரிசையில் இருந்து ஒரு கல்லூரி மாணவர் எழுந்து, "நம்ம அணி எப்பதான் உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறும்?" என்று கேட்டார். அரங்கத்தில் சிரிப்பு. ஆனால் இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார். "தம்பி, எப்படித் தகுதி பெறுறதுன்னு கேக்குறீங்க. தகுதி பெற்ற பிறகும் எப்படிப் போகாம இருந்தோம்னு கேளுங்க. நான் சொல்றேன்" என்றார்.

அரங்கம் அமைதியானது. அவர் சொன்னது 1980ஆம் ஆண்டின் கதை. நான் பிறப்பதற்கு முந்திய கதை. என் அப்பா எனக்குச் சொன்ன கதையும் அதுதான்.

தகுதிச்சுற்று என்றால் என்ன?

கதைக்குப் போகும் முன் அந்த மாணவரின் கேள்விக்கு வருவோம். ஓர் அனைத்துலகப் போட்டிக்குத் தகுதி பெறுவது என்பது, ஒரு பெரிய வீட்டின் சிறிய வாசலுக்குள் நுழைவது போன்றது. வாசலின் அகலத்தை முடிவு செய்வது விளையாட்டாளர்கள் அல்லர். எந்தக் கண்டத்துக்கு எத்தனை இடம், எந்த நாடு எந்தக் குழுவில், எங்கே ஆடுவது, புள்ளிகள் சமமானால் யார் மேலே என்பதையெல்லாம் முதலில் மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். அதன் பிறகுதான் பந்து உருளுகிறது.

1970களில் அந்த வாசல் மிகக் குறுகலாக இருந்தது. உலகக் கிண்ணத்தில் மொத்தமே 16 அணிகள். 1978ல் ஆசியாவுக்கும் ஓசியானியாவுக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம். அதை ஈரான் பெற்றது. ஆனால் ஒலிம்பிக் காற்பந்தில் ஆசியாவுக்கு மூன்று இடங்கள் இருந்தன. அதோடு, அந்தக் காலத்து ஒலிம்பிக்கில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. பகலில் வேலைக்குப் போய் மாலையில் பயிற்சிக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு அது எட்டக்கூடிய வாசலாக இருந்தது. அதனால்தான் அந்தத் தலைமுறைக்கு ஒலிம்பிக் தகுதிச்சுற்று என்றால் அவ்வளவு உயிர்.

சோலில் ஒரு கோல்

அந்த வாசலை நாம் ஒருமுறை கடந்தும் இருக்கிறோம். 1971ல் தென் கொரியாவின் சோல் நகரில் 1972 மூனிக் ஒலிம்பிக்குக்கான தகுதிச்சுற்று நடந்தது. சொந்த மண்ணில், சொந்த ரசிகர்கள் முன்னிலையில் தென் கொரியா தகுதி பெறும் என்பதே பலரின் கணிப்பு. மலேசியா ஜப்பானை 3-0 என்று வென்றது. தென் கொரியாவை சையட் அகமட் போட்ட ஒரே கோலில் 1-0 என்று வீழ்த்தியது. பிலிப்பீன்சும் தைவானும்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆடிய நான்கு ஆட்டங்களிலும் வெற்றி.

மூனிக்கில் முதல் ஆட்டமே மேற்கு ஜெர்மனியுடன். முதல் பாதி முழுக்க அவர்களைக் கோல் போட விடாமல் நம்மவர்கள் தடுத்தார்கள். இரண்டாம் பாதியில் மூன்று கோல்கள் விழுந்தன. பின்னாளில் புகழ்பெற்ற பயிற்றுநரான ஒட்மார் ஹிட்ஸ்ஃபெல்ட் அன்று நம் வலைக்குள் ஒரு கோல் போட்டவர். மொராக்கோவிடம் 0-6 என்று தோற்றோம். ஆனால் அமெரிக்காவை 3-0 என்று வென்றோம். ஒலிம்பிக் திடலில் அமெரிக்காவை வென்ற நாடு மலேசியா என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். அந்த அணியின் தற்காப்பு வரிசையில் எம். சந்திரனும் இருந்தார், சோ சின் ஆனும் இருந்தார்.

1974ல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம். 1976ல் ஆசியக் கிண்ணப் போட்டிக்குத் தகுதி. ஆக, 1980ல் நடந்தது அதிர்ஷ்டம் அல்ல. பத்து ஆண்டு உழைப்பின் விளைச்சல் அது.

மெர்டேக்கா அரங்கத்தில் அந்த இரவு

1980 மார்ச் மாதம். மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச்சுற்றின் ஒரு குழு கோலாலம்பூரில் கூடியது. மலேசியா, தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், புருணை என்று ஆறு நாடுகள். ஒவ்வொருவரும் மற்ற ஐவரோடும் மோத வேண்டும். முதல் இரண்டு இடம் பெறும் அணிகள் மீண்டும் ஒருமுறை மோதி, வெல்பவர் மட்டுமே மாஸ்கோவுக்குப் போகலாம். அதாவது, ஐந்து ஆட்டங்களில் நன்றாக ஆடினாலும் ஆறாவதில் தவறினால் எல்லாம் போயிற்று.

இறுதியில் எதிரே நின்றது யார்? அதே தென் கொரியா!

1980 ஏப்ரல் 6. 1957ல் நாட்டின் சுதந்திரம் பிரகடனம் செய்யப்பட்ட அதே மெர்டேக்கா அரங்கம். தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும். முன்வரிசையில் சபாவிலிருந்து வந்த ஜேம்ஸ் வோங், ஹசான் சானி இரட்டையர். கோல் கம்பங்களுக்கு இடையே ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளை விரித்துப் பறந்து பந்தைப் பிடிப்பதால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே செல்லமாக அழைத்த நம் ஆறுமுகம்.

அன்று இரவு எங்கள் தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டிதான் இருந்ததாம். அப்பா சொல்வார்: "உள்ளே இடமில்லாமல் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுப் பார்த்தோம். மலாய்க்காரர், சீனர், நம்ம ஆளுங்கன்னு யாரும் பிரிச்சுப் பார்க்கல. ஜேம்ஸ் வோங் கோல் போட்டதும் யாரை யார் கட்டிப்பிடிச்சாங்கன்னே தெரியல." மலேசியா 2, தென் கொரியா 1. அந்த வெற்றி கோலைப் போட்டவர் ஜேம்ஸ் வோங். மாஸ்கோவுக்கான இடம் கைக்கு வந்தது.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2016ல் வெளிவந்த 'ஓலா போலா' திரைப்படத்துக்குத் தூண்டுகோலாக இருந்ததும் இந்த அணிதான். படம் பார்த்த இளையோர் பலர் அதைக் கற்பனை என்றே எண்ணிக்கொண்டார்கள். அன்று நம் மன்றத்திலும் அப்படி எண்ணிய இருவர் இருந்தார்கள்.

பிறகு என்ன நடந்தது?

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க வேண்டும் என்று அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் அழைப்பு விடுத்தார். 60க்கும் மேற்பட்ட நாடுகள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. அவற்றுள் மலேசியாவும் ஒன்று.

அந்த முடிவைத் தவறு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு சிறிய நாட்டுக்குள் பெரிய நாடு படையோடு நுழைவதைக் கண்டிக்க வேண்டிய கடமை நமக்கும் இருந்தது. கொள்கைக்காக ஒரு நாடு விலை கொடுப்பது மரியாதைக்குரியது. ஆனால் அந்த விலையை யார் கொடுத்தார்கள்? மேசையில் கையெழுத்திட்டவர்களா, திடலில் ஓடியவர்களா?

இன்னொன்றையும் கவனியுங்கள். நாம் விட்டுக்கொடுத்த இடம் காலியாக இருக்கவில்லை. அது ஈராக்குக்குப் போனது. ஈராக் மாஸ்கோவில் கோஸ்டாரிக்காவை வென்று, காலிறுதி வரை முன்னேறியது. நாம் போயிருந்தால் அதே இடம்வரை போயிருப்போமா? சொல்ல முடியாது. ஆனால் முயன்று பார்க்கும் வாய்ப்பே அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

அரசியலுக்கு நான்கு ஆண்டு என்பது அடுத்த தேர்தலுக்கான தூரம். விளையாட்டாளருக்கு அது பாதி வாழ்க்கை. சோ சின் ஆன், சந்திரன் போன்றோர் மூனிக்கையாவது கண்டவர்கள். ஆறுமுகம் மூனிக் அணியில் இல்லை. மாஸ்கோவுக்குப் போக முடியவில்லை. 1988ல் ஒரு சாலை விபத்தில் அவர் மறைந்தார். ஒலிம்பிக் திடலில் ஒருமுறைகூடக் கால் வைக்காமலே போய்விட்டார். அதன் பிறகு 2024 பாரிஸ் வரை எந்த ஒலிம்பிக் காற்பந்துக்கும் மலேசியா தகுதி பெறவில்லை.

இரவல் வாசல்

மேசையில் இழந்த கதை இது. மேசையில் பெற்ற கதையும் உண்டு. 2007ல் ஆசியக் கிண்ணத்தை இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்னாமுடன் சேர்ந்து மலேசியா ஏற்று நடத்தியது. ஏற்று நடத்தும் நாடு தகுதிச்சுற்றில் ஆட வேண்டியதில்லை. இடம் தானாகவே கிடைக்கும். விளைவு? சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2. தகுதிச்சுற்று என்பது தடுப்புச் சுவர் மட்டுமல்ல, பயிற்சிக்கூடமும்கூட என்பதை அந்த மூன்று ஆட்டங்கள் நமக்குக் கற்றுக்கொடுத்தன.

சொந்தக் காலில் நின்று மீண்டும் ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைய 2022 ஜூன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புக்கிட் ஜாலிலில் துர்க்மெனிஸ்தானை வென்று, பஹ்ரேனிடம் தோற்று, கடைசியில் வங்காளதேசத்தை 4-1 என்று வென்றபோது, சிறந்த இரண்டாம் நிலை அணிகளில் ஒன்றாக இடம் உறுதியானது. 1980க்குப் பிறகு தகுதிச்சுற்றில் ஆடி வென்று ஆசியக் கிண்ணத்துக்குப் போனது அதுவே முதல் முறை.

2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த அந்தப் போட்டியில் ஜோர்டானிடமும் பஹ்ரேனிடமும் தோற்று, அடுத்த சுற்று வாய்ப்பை இழந்துவிட்டோம். கடைசி ஆட்டம், மறுபடியும் தென் கொரியாவுடன்! சோன் ஹியூங் மின் ஆடிய அணியோடு, ஆட்டம் முடியும் கடைசித் தறுவாயில் கோல் போட்டு 3-3 என்று சமன் செய்தார்கள் நம்மவர்கள். ஒரு புள்ளியோடு வீடு திரும்பினார்கள். ஆனால் தலை நிமிர்ந்து திரும்பினார்கள். அன்று இரவு அப்பா தொலைபேசியில் அழைத்தார். "ஆறுமுகம் இருந்திருந்தா அந்த மூணு கோலும் விழுந்திருக்காது" என்றார். அவருக்கு இன்றும் 1980தான்!

தாள்களின் கதை

இந்த வரலாற்றின் கடைசி அத்தியாயத்தைப் பேச நாக்கு கூசுகிறது. ஆனால் பேசாமல் இருந்தால் மேலே சொன்னதற்கெல்லாம் பொருளில்லை.

2025 ஜூன் 10ஆம் தேதி, 2027 ஆசியக் கிண்ணத் தகுதிச்சுற்றில் மலேசியா வியட்னாமை 4-0 என்று வென்றது. புக்கிட் ஜாலில் அதிர்ந்தது. நானும் கைதட்டியவன்தான். செப்டம்பரில் செய்தி வந்தது. வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்று காட்டிய ஆவணங்கள் போலியானவை என்று ஃபிஃபா அறிவித்தது. ஏழு பேருக்கும் 12 மாதத் தடை, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதம். நவம்பரில் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் அதை உறுதிசெய்தது. சங்கம் அதோடு நிற்காமல் விளையாட்டு நடுவர் மன்றத்துக்கும் போனது.

வம்சாவளி விதி தவறான விதி அல்ல. தாத்தாவோ பாட்டியோ பிறந்த மண்ணுக்காகப் பேரன் ஆடலாம் என்பது, புலம்பெயர்ந்து வாழும் நமக்கு நெருக்கமான விதிதான். நம் தாத்தாக்களின் பிறப்புப் பத்திரத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த குடும்பங்கள் இந்த நாட்டில் எத்தனை! ஒரு தாளின் மதிப்பு நமக்குத் தெரியும். அதனால்தான் அந்தச் செய்தி அவ்வளவு வலித்தது.

இதற்கிடையே நம் அண்டை வீட்டைப் பாருங்கள். 1984ல் ஏற்று நடத்திய நாடு என்ற முறையில் மட்டுமே ஆசியக் கிண்ணத்தில் ஆடியிருந்த சிங்கப்பூர், 2025 நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று, வரலாற்றில் முதல் முறையாக ஆடித் தகுதி பெற்றது. 41 ஆண்டு காத்திருப்பு. அந்த மகிழ்ச்சியை யாராலும் திரும்பப் பெற முடியாது.

மாணவருக்கு ஒரு பதில்

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். உலகக் கிண்ணத்தின் வாசல் இப்போது அகலமாகிவிட்டது. 2026 போட்டிக்கு 48 அணிகள். ஆசியாவுக்கு எட்டு நேரடி இடங்கள். உஸ்பெகிஸ்தானும் ஜோர்டானும் முதல் முறையாகத் தகுதி பெற்றன. 2007ல் நம்மை 5-0 என்று வென்ற உஸ்பெகிஸ்தானுக்கே அதன் பிறகு 18 ஆண்டுகள் தேவைப்பட்டன. நாமோ இரண்டாம் சுற்றிலேயே, கிர்கிஸ்தானைவிட ஒரே ஒரு புள்ளி குறைவாகப் பெற்று நின்றுவிட்டோம். எப்போது தகுதி பெறுவோம் என்று என்னால் ஆண்டு சொல்ல முடியாது. எப்படிப் பெற வேண்டும் என்று மட்டும் சொல்ல முடியும்.

அன்று நிகழ்ச்சி முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் என்னிடம் வந்தார். "1980ல எங்க கையில இருந்ததைப் பறிச்சாங்க. ஆனா அது எங்களுதுன்னு இன்னைக்கும் யாரும் மறுக்க முடியாது. பார்த்தீங்களா, நாப்பது வருசம் கழிச்சும் அதைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார்.

உண்மைதான், நேயர்களே. மாஸ்கோவுக்குப் போகாத அந்த அணியை நாம் இன்றும் பெயர் சொல்லி நினைக்கிறோம். திடலில் சம்பாதித்ததை மேசை பறிக்கலாம், அழிக்க முடியாது. மேசையில் தயாரித்ததைத் திடலால் காப்பாற்றவும் முடியாது. நம் பிள்ளைகள் அடுத்த முறை ஒரு வாசலைக் கடக்கும்போது, ஆறுமுகத்தின் படத்துக்கு முன்னால் கூச்சமில்லாமல் நிற்கக்கூடிய அணியாக அது இருக்கட்டும்.

மீண்டும் அடுத்த மன்றத்தில் சந்திப்போம்.