குஞ்சு பறவையானது, கொழுந்து குட்டிச்சாத்தானானது: பழைய ஆங்கிலத்தின் இளமைப் பெயர்கள்

இங்கிலாந்தின் வாரிக் நகரில், புனித மேரி ஆலயத்தின் பீச்சம் சிற்றாலயத்துக்குள் ஒரு குழந்தையின் கல்லறை இருக்கிறது. 1584இல் இறந்த அந்தப் பிள்ளை, முதலாம் எலிசபெத்தின் அன்புக்குரிய லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லியின் மகன். கல்லறை வாசகம் அவனை ‘நோபிள் இம்ப்’ என்கிறது. இன்றைய அகராதியை வைத்துப் படித்தால் ‘மேன்மைமிகு குட்டிச்சாத்தான்’ என்று வரும். மகனைப் பறிகொடுத்த வீட்டார் அப்படியா எழுதுவார்கள்?

பழைய ஆங்கிலத்தில் ‘இம்பா’ என்றால் இளந்தளிர். ஒட்டுக்கட்ட எடுக்கும் கொழுந்து. கிரேக்கத்தில் பிறந்து லத்தீன் வழியாக வந்த தோட்டக்காரச் சொல் அது. பிறகு குலக்கொழுந்துக்கும் அதுவே பெயராயிற்று. நாம் பிள்ளையைத் தென்னைக்குக் கொண்டுபோய்த் தென்னம்பிள்ளை என்றோம். அவர்கள் கொழுந்தைப் பிள்ளைக்குக் கொண்டுவந்தார்கள். ‘சாத்தானின் இம்ப்’ என்ற தொடர் வழங்கி வழங்கி, சாத்தான் உதிர்ந்த பின்னும் பழி மட்டும் சொல்லில் ஒட்டிக்கொண்டது.

இளமைப் பெயர்கள் பல இப்படி இடம்பெயர்ந்தவையே. இளசுகளை வைத்து மனிதர் என்ன வேலை செய்தார்கள் என்பதே பெரும்பாலும் அவற்றின் போக்கைத் தீர்மானித்தது என்பது என் கருத்து.

‘சில்டு’ என்ற குழந்தைச் சொல்லுக்கு முதலில் ஒருமையும் பன்மையும் ஒன்றே. ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டி, முட்டை ஆகியவற்றின் பெயர்களோ ‘ரு’ என்ற விகுதியை ஏற்றன. தொழுவத்துச் சொற்களின் இந்தச் சின்னக் கூட்டத்தில் குழந்தையும் போய்ச் சேர்ந்து ‘சில்ட்ரு’ ஆனது. அந்த விகுதி பன்மைக்குரியது என்பது பிற்காலத்தில் காதில் தங்கவில்லை; மேலே ஒரு ‘ன்’ விகுதி ஏறி ‘சில்ட்ரன்’ பிறந்தது. நம் ‘அவர்கள்’ போல இரட்டைப் பன்மை. வடபகுதி வட்டார வழக்கில் மட்டும் ‘சில்டர்’ நெடுங்காலம் பிழைத்திருந்தது.

பையன்களின் கதை இன்னும் சுவையானது. ‘க்னஃபா’, ‘க்னிஹ்த்’ இரண்டுமே சிறுவனைக் குறித்த சொற்கள். பெரிய வீடுகளில் சிறுவன் என்றாலே எடுபிடி. எனவே இரண்டும் வேலைக்காரனைக் குறித்தன. அதன்பின் பாதை பிரிந்தது. தலைவனுக்குப் போர்க்களத்தில் துணைநின்றவனின் பெயர் ‘நைட்’ என்ற வீரப் பட்டமாக உயர்ந்தது. மற்றது ‘நேவ்’ ஆகி அயோக்கியனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனாலும் 14ஆம் நூற்றாண்டின் விக்லிஃப் விவிலியத்தில் ஆண்குழந்தைக்கு ‘நேவ்’ அடைமொழி உறுத்தலின்றி நிற்கிறது. ஜெர்மனில் நிலைமை வேறு: ‘க்னாபே’ சிறுவனாகவே இருக்க, ‘க்னெஷ்ட்’ வேலையாளாக நின்றுவிட்டது. ஆகவே இந்த ஏற்றத்தாழ்வு ஒலி விதியால் வந்ததல்ல, சமூகத்தால் வந்தது. பால் வேறுபாடின்றிக் குழந்தையைக் குறித்த ‘வென்செல்’ என்ற சொல் பெண்ணுக்கு மட்டும் சுருங்கி, பணிப்பெண்ணாகி, இழிசொல்லாகவும் இறங்கியது. ‘கேர்ள்’ பிந்தி வந்த சொல். கவிஞர் சாசர் அதை எழுதும்போது இருபால் இளையோரும் அதில் அடக்கம்.

பறவைக்கு என் விளக்கம் பொருந்தவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பொதுப்பெயர் அன்று ‘ஃபுகொல்’. ‘பிரிட்’ என்பது குஞ்சு மட்டுமே. 10ஆம் நூற்றாண்டில் லிண்டிஸ்பார்ன் நற்செய்தி நூலின் லத்தீன் வரிகளுக்கு நடுவே ஆல்ட்ரெட் என்ற குரு சொல்லுக்குச் சொல் ஆங்கிலப் பொருள் எழுதினார். ஆலயத்தில் காணிக்கையாகும் புறாக்குஞ்சுகளுக்கு அவர் இட்ட சொல் ‘பிர்தாஸ்’. பின்னாளில் குஞ்சின் பெயர் பறவை இனம் முழுவதற்கும் பரவ, பழைய பொதுப்பெயர் ‘ஃபவுல்’ ஆகிக் கோழிக்கூண்டுக்குள் ஒடுங்கியது. பன்றியிலும் இதே கதைதான்: ‘பிக்’ முதலில் குட்டிக்குரிய பெயர்.

‘இம்ப்’ ஓரிடத்தில் மட்டும் பழைய தொழிலை விடவில்லை. வல்லூறு வளர்ப்போர், பறவையின் ஒடிந்த இறகின் அடித்தண்டில் வேறோர் இறகைப் பொருத்தி ஒட்டுகிறார்கள். அந்த வேலைக்கு இன்றும் ‘இம்பிங்’ என்றே பெயர்.